சிறுயிரும் சிறுவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எதனைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நம் செயலாளர் முன்னரே என்னை வினவினார். "புழு பூச்சிகளைப் பற்றி" என்றேன். அவர் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. தமிழின் தொன்மை, குறளின் பெருமை என்று ஏதேனும் ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். பின்னர், "குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். குழந்தைகளுக்கு அவை பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. அதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டுவதும் இல்லை. தவழும் குழந்தை தரையில் ஊரும் எறும்பைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. "சீ, தொடாதே!" என்று அதனைத் தூக்கிக் கொண்டு போகிறவர்கள் நாம். ஆகவே இன்று நான் பேச விரும்புவது பெற்றோரிடமே. குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பதில் தடையில்லை.

வெங்காயச் சந்தைக்கும் சங்கிராம துர்க்கம் என்னும் பழங்கோட்டைக்கும் பெயர் பெற்றிருந்த இந்தச் சாகண், இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளின் ஊராக அறியப்படுகிறது. நம்முள் பெரும்பாலோர் அத்தொழிலை நாடியே வந்தோம். அடுக்கு மாடி வீடுகளில் வாழ்கிறோம். நம் குழந்தைகளுக்குத் தோட்டம் இல்லை, கிணற்றடி இல்லை, மாட்டுத் தொழுவம் இல்லை. இங்கே அவர்கள் எந்த உயிரைக் காணப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டு மாடத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதல்லவா? இல்லாத தமிழர் வீடு இவ்வூரில் ஒன்றிரண்டே இருக்கும். அத்தொட்டியிலிருந்து தொடங்குவோம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும் ஒரே குடும்பத்துச் செடிகள். அவற்றின் மணம் நமக்குத் தெரிகிறது. ஒரு பட்டாம்பூச்சிக்கு நம்மினும் நன்றாகத் தெரிகிறது. கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சைப் பட்டாம்பூச்சி என்பது அதன் பெயர். அதன் பெண் நான்காம் மாடியில் உள்ள உங்கள் தொட்டியையும் தேடி வரும். வந்து இலைமேல் அமர்ந்து, முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். அக்கால்களே அதற்கு நாவாக உதவுகின்றன. தன் மக்கள் உண்ணத்தக்க இலைதான் என்று தெரிந்த பின்னரே, கடுகினும் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை இளந்தளிரில் ஒட்டி வைக்கும். ஓர் இலையில் ஒன்று. அடுத்தது வேறோர் இலையில். எல்லாவற்றையும் ஒரே இலையில் குவித்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்க நேரும் அன்றோ?

சில நாட்களில் முட்டையிலிருந்து புழு வரும். அதைக் கண்டவுடன் காக்கையின் எச்சம் இலையில் விழுந்துவிட்டது என்று துடைக்கப் போவீர்கள். பழுப்பு நிறமும் இடையில் வெள்ளைத் திட்டும் கொண்ட அந்த வேடம் பறவைகளை ஏய்ப்பதற்காக. பறவை தன் எச்சத்தைத் தான் உண்ணாது. புழு பல முறை தோலுரித்து வளரும். வளர்ந்த பின் அந்த வேடம் பொருந்தாது. அவ்வளவு பெரிய எச்சத்தை எந்தப் பறவை நம்பும்? அப்பொழுது அது இலையின் பச்சை நிறத்தைப் பூண்டுகொள்ளும். ஒரு குச்சியால் மெல்லத் தீண்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறமான இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே காரமான ஒரு நாற்றமும் எழும். எறும்பு முதலிய பகைகளை விரட்ட அஃது ஏந்தும் படைக்கலம் அதுவே.

தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? தாளிப்பதற்கு இலை பறிக்கப் போகும்பொழுது இப்புழுவைக் கண்டால் உடனே காகிதத்தால் பிடித்துக் கீழே எறிகிறார்கள். அல்லது மருந்துக் குப்பியை எடுத்து அடிக்கிறார்கள். அந்த மருந்தடித்த இலைதான் மறுநாள் இரசத்தில் மிதக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது என் கடமை. செடியில் எட்டுப் பத்துப் புழுக்கள் இருந்தால் அகற்றுங்கள்; நான் தடுக்கவில்லை. இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டு புழுக்கள் தின்னும் இலைக்குச் செடி மாண்டு போகாது, மீண்டும் தழைக்கும். ஓரிரு வாரம் கறிவேப்பிலைக்குக் காய்கறிக் கடையை நாடுங்கள். அதற்கு ஈடாக உங்கள் குழந்தை பெறுவதைக் கேளுங்கள்.

அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரம். வாயில் கட்ட ஒரு மெல்லிய துணி. உள்ளே ஒரு சிறு குச்சி. நாள்தோறும் புதிய இலை. இவ்வளவே தேவை. பாத்திரத்தைத் துடைத்து இலை மாற்றும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுங்கள். ஒரு நாள் புழு உண்பதை நிறுத்தும். குச்சியில் ஏறித் தன் பின்புறத்தைப் பட்டு நூலால் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றியும் ஓர் இழையைக் கட்டிக்கொள்ளும். தென்னை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பது போல் நிற்கும். பின்னர்த் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். எட்டுப் பத்து நாட்களில், சில வேளை குளிர்காலத்தில் அதனினும் நெடுநாள் கழித்து, கூடு பிளந்து சுருங்கிய சிறகுகளோடு ஓர் உயிர் வெளியே வரும். சிறகு விரிந்து உலரும் வரை அதைத் தொடவே கூடாது. உலர்ந்த பின் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வராது. சிறு துளை ஒன்று தோன்றி, அதன் வழியே மிகச் சிறிய குளவிகள் கூட்டமாக வெளிவரும். கூட்டுப்புழுவின் உடலுக்குள் தாய்க் குளவி இட்ட முட்டைகளின் விளைவு அது. குழந்தை அழக்கூடும். அழுகையை அடக்க வேண்டா; பொய்யும் சொல்ல வேண்டா. இக்குளவிகள் இல்லையேல் புழுக்கள் பெருகி நம் எலுமிச்சைத் தோட்டங்கள் என்னாகும் என்பதை அழுகை ஓய்ந்த பின் பேசலாம்.

புழு பட்டாம்பூச்சியாகிறது என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். ஆனால் ஐரோப்பாவிலே 17ஆம் நூற்றாண்டில் கற்றவர்களும் பலர், பூச்சிகள் சேற்றிலும் அழுகற் பொருள்களிலும் தாமே தோன்றுகின்றன என்று எண்ணியிருந்தனர். அக்காலத்தில், செருமானிய நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் 1647இல் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்னும் பெண், தமது 13ஆம் வயதில் பட்டுப்புழுக்களை வளர்த்து நோக்கத் தொடங்கினார். பிறகு பிற புழுக்களையும் திரட்டினார். ஒவ்வொரு புழுவும் எந்தச் செடியை உண்கிறது, எவ்வாறு கூடு கட்டுகிறது, என்னவாக வெளிவருகிறது என்று ஆண்டுக் கணக்கில் பார்த்துப் படமாகத் தீட்டினார். தம் 52ஆம் வயதில், 1699இல், மகளை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார். அங்குள்ள பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1705இல் வெளிவந்தது. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். அவருடைய மாற்றாந் தந்தை ஓவியர். வீட்டிலே வண்ணமும் தூரிகையும் இருந்தன. புழு வளர்க்கும் சிறுமியிடமிருந்து அப்பெட்டியை எவரும் பிடுங்கி எறியவில்லை. வரலாறு அதைப் பெரிதாகக் குறிப்பதில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பின்புறத்து வெற்று நிலத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பட்டுத் துணியால் தைத்தது போன்ற செந்நிறப் பூச்சி ஒன்றைக் கண்டெடுத்தாள். காவல் புரியும் மராட்டியப் பெரியவர், "அது மிருகாச்சா கிடா" என்று உடனே சொல்லிவிட்டார். மிருகசீரிட நாண்மீனில் ஞாயிறு புகும் ஜூன் முதல் வாரத்தில், முதல் மழையோடு வெளிவருவதால் அப்பெயர். சிறுமி தந்தையிடம் ஓடி வந்து தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். "ஏதோ பூச்சி" என்றார் அவர். அருகிலிருந்த எங்களுள் ஒருவர் வெல்வெட் பூச்சி என்றார். இன்னொருவர் தம்பலப்பூச்சி என்றார். எங்கள் பக்கத்தில் பட்டுப்பூச்சி என்போம் என்றார் மற்றொருவர். தீப்பெட்டியில் புல்லிட்டு அதை வளர்த்த கதைகள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்தன. பத்து ஆண்டுகளாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் ஒருவர் ஊரை ஒருவர் அறியாதிருந்தவர்கள், அந்தப் பூச்சியின் பொருட்டு அரை மணி நேரம் மழையில் நின்று வழக்காடினோம்.

அதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்றும் உண்டு. சங்கப் புலவர்கள் அதனை மூதாய் என்றார்கள். மழை பெய்த முல்லை நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் நீலக் காயாம்பூக்களுக்கு நடுவே மூதாய் ஊர்வதைப் பார்த்து, நீலமணியும் பவளமும் இடையிட்டுக் கிடப்பது போல் அகநானூற்றுப் புலவர் ஒருவர்க்குத் தோன்றியது. அந்தப் பவளத்தின் கால்களை எண்ணுமாறு அச்சிறுமியிடம் சொன்னேன். எட்டு என்றாள். பூச்சி இனத்துக்குக் கால்கள் ஆறு. ஆகவே நாம் பூச்சி என்று சொல்லும் இது சிலந்தியின் சுற்றம். முதிர்ந்தது கறையான் போன்றவற்றை உண்ணும். இளம் பருவத்திலோ வெட்டுக்கிளி முதலியவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழும். அப்பருவத்தில் அதற்கும் ஆறு கால்களே. மண்ணுக்குள் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்து மழைக்குப் பின் சில நாள் மட்டும் வெளியே உலவுகிறது. அந்தச் சில நாட்களையும் தீப்பெட்டிக்குள் அடைப்பது முறையன்று. பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை உண்டாகிறது. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் "அம்மா, பசிக்கிறது" என்பார்கள். "பள்ளிக்கு நேரமாகிறது" என்பார்கள். தும்பி என்றால் தெரியாது. குழியானை என்றால் யானைக் குட்டியைத் தேடுவார்கள். மரவட்டை, பொன்வண்டு, சில்வண்டு, பிள்ளைப்பூச்சி, ஈசல் ஆகிய இச்சொற்களை எந்த வகுப்பிலும் பலகையில் எழுதிப் பதிய வைக்க இயலாது. பொருளைக் கண்ட அக்கணத்தில், அருகிலிருக்கும் பெரியவர் வாயிலிருந்து வந்தால்தான் அவை தங்கும். அந்தப் பெரியவர் "ஏதோ பூச்சி" என்று சொல்லிவிட்டால், அச்சொல் அந்தக் குடும்பத்தில் அத்துடன் முடிந்தது.

மராட்டியப் பெயர்களையும் உடன் கற்கட்டும் என்பதே என் கருத்து. பட்டாம்பூச்சிக்கு இவர்கள் இட்ட பெயர் "புல்பாக்ரு". பூப்பறவை என்று பெயர்த்துச் சொல்லலாம். வெட்டுக்கிளி "நாக்தோடா", அதாவது மூக்கை உடைப்பது. தும்பியைச் "சதுர்" என்கிறார்கள். சமர்த்தன் என்று பொருள். தும்பியைப் பிடிக்க முயன்றவர்கள் இப்பெயரின் நியாயத்தை ஒப்புவர். மராட்டிய மாநிலம் 2015இல் நீல வண்ணப் பெரும் பட்டாம்பூச்சியாகிய புளூ மார்மனைத் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வாறு அறிவித்த முதல் மாநிலம் இதுவே. 2019இல் தமிழ்நாடு தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியை அவ்வாறு ஏற்றது. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வன. நம் குழந்தைகளுக்கு இரண்டின்மேலும் உரிமை உண்டு.

இவ்வளவும் கேட்ட ஒருவர், "கடித்தால் என்ன செய்வது? கொட்டினால் என்ன செய்வது?" என்று மனத்துக்குள் கேட்பதை நான் உணர்கிறேன். நியாயமான கேள்வி. மராட்டிய நாட்டுச் செந்தேள் விளையாட்டுக்குரியதன்று. அதன் இலத்தீன் பெயரில் "தமுலஸ்" என்னும் சொல் உள்ளது. 1798இல் பெப்ரீசியசு என்னும் டென்மார்க்கு அறிஞர் இட்ட பெயர். நம் தமிழை நினைவூட்டும் அப்பெயருக்காகப் பெருமைப்படுவதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொங்கணப் பகுதியில் இத்தேள் கொட்டி மாண்டவர்களில் குழந்தைகள் பலர். மகாடு என்னும் ஊரில் மருத்துவம் செய்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொட்டுண்டவர்களின் அருகில் இரவு பகலாக அமர்ந்து, நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் எவ்வாறு தாக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். இரத்த அழுத்தத்திற்கு வழங்கும் பிராசோசின் என்னும் மருந்து இதற்கும் பயன்படும் எனக் கண்டார். நூற்றுக்கு 40 அளவில் இருந்த இறப்பு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. இலண்டனின் 'லான்செட்' இதழ் அவர் எழுதியவற்றை வெளியிட்டது. 2022இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. தேளைக் கண்டு ஓடியவர்களால் அக்குழந்தைகள் பிழைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

எனவே எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதைக் குழந்தைக்குப் பெயரோடு சொல்லுங்கள். தேள், பூரான், குளவிக் கூடு, மயிரடர்ந்த கம்பளிப்பூச்சி ஆகியவற்றைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கல்லைப் புரட்டும்பொழுது கையை நுழைக்காமல் கோலால் புரட்ட வேண்டும். பார்த்த பின் கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கண்டு அஞ்சும்படி வளர்த்த பிள்ளை எது உண்மையில் அஞ்சத்தக்கது என்று அறியாமற் போகும்.

எல்லாச் சிற்றுயிர்களிடமும் அன்பு காட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொசுவிடம் எனக்கு அன்பு கிடையாது. ஆயினும் கொசுவையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, அதில் நெளியும் புழுக்களைக் காட்டுங்கள். அவை தலைகீழாகத் தொங்கி வாற்குழாயால் மூச்சு விடுவதைப் பார்க்கட்டும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் போதும் என்று சொல்லுங்கள். அதைக் கண்ட பிள்ளை ஞாயிறுதோறும் வீட்டிலுள்ள தொட்டித் தட்டுகளையும் குளிர்விப்பானின் நீரையும் தானே கொட்டிவிடும். டெங்குவைப் பற்றிச் சுவரில் ஒட்டும் சுவரொட்டியினும் அது வலியது.

பெற்றோர்க்கு விடை தெரியாத கேள்விகள் வரும். வரட்டும். இந்நாட்டின் பறவை நூலறிஞர் சலீம் அலி 1896இல் பிறந்தவர். பெற்றோரை இழந்து பம்பாயில் மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது தாம் சுட்ட குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இஃது என்ன குருவி, இதனை உண்ணலாமா என்று மாமனிடம் கேட்டார். மாமனுக்குத் தெரியவில்லை. ஆனால் 1883இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவரை ஒரு கடிதத்தோடு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு துரை, அச்சிறுவனை விரட்டாமல், பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சலீம் அலி எழுதியபோது நூலின் தலைப்பிலேயே அக்குருவிக்கு இடம் கொடுத்தார்.

நமக்கும் அத்தகைய இழுப்பறைகள் தொலைவில் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல நிலையம் இங்கு அருகிலுள்ள ஆகுர்டியில் இருக்கிறது. 1962இல் தொடங்கிய மத்தியத் தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் புனேயில் இருக்கிறது. விடுமுறைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் செல்வோர், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்த்து வரலாம். திருச்சிராப்பள்ளி செல்வோர்க்குத் திருவரங்கத்தில் பட்டாம்பூச்சிப் பூங்கா உண்டு.

மின்மினி காண்பதற்கென்று மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பீமாசங்கரம், ராஜ்மாசி, பண்டார்தரா மலைகளுக்குப் பலர் செல்கின்றனர். அங்கே இப்பொழுது வண்டிகளின் விளக்கொளியில் மின்மினியின் ஒளி மங்கிப்போகிறது. பல வகை மின்மினிகளில் பெண்ணுக்குச் சிறகில்லை. அது தரையிலே இருந்து விளக்கேற்றி ஆணை அழைக்கிறது. அதன் இளம்புழு நத்தைகளை உண்டு மண்ணிலே வாழ்கிறது. கூட்டமாக இறங்கி நடப்பவர்களின் காலடியில் அவை படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். செல்வதாயின் விளக்கை அணைத்து, பாதையை விட்டு இறங்காமல், பேச்சைக் குறைத்துச் செல்லுங்கள். என்னைக் கேட்டால், முதலில் நம் குடியிருப்பின் பின்புறத்தைப் பார்த்து முடிப்போம் என்பேன்.

செயலாளரிடம் ஒன்று கேட்டேன், அவர் இசைந்துள்ளார். நம் சங்கத்து நூல் நிலைய மேசைமேல் கோடிட்ட குறிப்பேடு ஒன்று இன்று முதல் இருக்கும். கண்ட உயிர், கண்ட இடம், நாள், தமிழ்ப் பெயர், மராட்டியப் பெயர் என்று அதில் கட்டங்கள் வரைந்துள்ளோம். குழந்தைகளே எழுத வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வரும் பெரியவர்கள் தயவு செய்து பென்சிலால் திருத்துக. பெயர் தெரியாவிடின் கட்டத்தை வெறுமையாக விட்டு, அருகில் படம் வரையலாம். தெரிந்தவர் நிரப்பட்டும். ஒரே உயிருக்கு நெல்லைப் பெயர் ஒன்று, கொங்குப் பெயர் ஒன்று, தஞ்சைப் பெயர் ஒன்று என்று மூன்று வந்தால் மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்ற வழக்கை அடுத்த ஆண்டு விழாவில் வைத்துக்கொள்ளலாம். மிருகசீரிட மழைக்கு இன்னும் இரு திங்கள் இருக்கின்றன. கறிவேப்பிலைத் தொட்டியை நாளைக் காலையிலேயே பார்க்கலாம்.